கூடா ஏடு: மூலமும் உரையும்

வீடியோ எடிட்டிங் மென்பொருளும் கிராபிக்ஸ் கார்டும் ஏன் ஒத்துப்போவதில்லை என்ற கேள்வியை இத்தனை காலம் மின்னணுவியலார் கையில் விட்டுவைத்தது தவறு. அது பாடத்திறனாய்வைச் சேர்ந்தது. ஓலைச்சுவடி புரட்டிப் பழகிய ஒருவர் எடுத்துக்கொண்டிருந்தால் அரைநாளில் முடித்திருப்பார். அக்குறை நீங்க, இத்துறையின் மூலநூலை இங்கே ஆராய்வோம்.

நூலாசிரியர் பெயர் கிடைக்கவில்லை. காலம் 2010. அவ்வாண்டு அடோபி வெளியிட்ட பிரீமியர் புரோ சிஎஸ்5 மென்பொருளை விண்டோஸில் நிறுவினால், அதன் ஃபோல்டருக்குள் ‘கூடா சப்போர்ட்டட் கார்ட்ஸ்’ என்ற டெக்ஸ்ட் ஃபைல் ஒன்றும் கூடவே வந்து அமரும். கூடா என்பது என்விடியா 2006இல் அறிவித்த வழிமுறை. படம் காட்டப் பிறந்த சிப்பைப் பிற கணக்குகளுக்கும் வேலை வாங்கலாம் என்பது அதன் சாரம். பிரீமியரின் மெர்க்குரி பிளேபேக் என்ஜின் இதைக் கொண்டு எஃபெக்ட்டுகளையும் நிறத்திருத்தங்களையும் ரெண்டர் செய்யாமலே ஓட்டிக் காட்டியது. யாருடைய கார்டில் ஓட்டிக் காட்டும் என்பதை மேற்படி ஏடு வரையறுத்தது.

நூல் ஐந்தடியால் ஆனது: குவாட்ரோ சிஎக்ஸ், குவாட்ரோ எஃப்எக்ஸ் 3800, குவாட்ரோ எஃப்எக்ஸ் 4800, குவாட்ரோ எஃப்எக்ஸ் 5800, ஜிஃபோர்ஸ் ஜிடிஎக்ஸ் 285. நான்கடி குவாட்ரோ என்றே தொடங்குவதால் மோனை சிறந்திருக்கிறது. கடவுள் வாழ்த்து இல்லை, பாயிரம் இல்லை. நூற்பயன் மட்டும் உண்டு. இதில் பெயர் உடையவர்க்கு டைம்லைன் மேல் மஞ்சள் கோடு, இல்லாதவர்க்குச் சிவப்பு. மஞ்சள் என்றால் ஓடும். சிவப்பு என்றால் ரெண்டர் செய்துவிட்டு வா.

இவ்வைந்துக்கும் பொதுவிலக்கணம் யாது? சிப் ஒற்றுமை எனின், ஆகாது. ஜிடிஎக்ஸ் 285 பிறந்த அதே சிப் குடும்பத்தில் பிறந்த ஜிடிஎக்ஸ் 260, 275 இரண்டும் வெளியே நிற்கின்றன. நினைவகம் எனின், அதுவும் ஆகாது. என்ஜினுக்கு வேண்டியது 765 எம்பி, வெளியே நிற்கும் அவ்விரண்டிலும் 896 எம்பி உண்டு. விலை எனின், உரையாசிரியர்கள் அடுத்த அடிக்குப் போய்விடுகின்றனர். சோதித்துப் பார்த்தவற்றை மட்டுமே சேர்த்தோம் என்பது நிறுவனம் தந்த விளக்கம். அது நேர்மையானதே. சோதிக்கக் கிடைத்தவற்றுள் ஐந்தில் நான்கு, சாதாரணக் கார்டைவிடப் பல மடங்கு விலையுள்ள குவாட்ரோவாக அமைந்தது தற்செயல் என்றே கொள்வோம்.

பின்னர் வந்த திருத்தத்தில் ஜிடிஎக்ஸ் 470 ஏறியது. அதனினும் வல்ல ஜிடிஎக்ஸ் 480 ஏறவில்லை. தம்பிக்கு அனுமதி, அண்ணனுக்கு வாசல் என்னும் இவ்விதிக்குப் பொருந்திய உரை இன்றுவரை வரையப்படவில்லை.

இனி இடைச்செருகல். ஏட்டை நோட்பேடில் திறந்து, தம் கார்டின் பெயரை ஆறாம் அடியாகத் தட்டிச் சேமித்துவிட்டு பிரீமியரைத் திறந்தால் மஞ்சள் கோடு வந்தது. அவ்வளவுதான். கார்டைக் கழற்ற வேண்டியதில்லை. சேமிக்க அட்மினிஸ்ட்ரேட்டர் அனுமதியும், போதிய நினைவகமும் இருந்தால் போதும். எழுத்து மட்டும் பிறழக் கூடாது. சிஸ்டம் அந்தக் கார்டை எப்படி அழைக்கிறதோ அப்படியே, பெரிய எழுத்து பெரிய எழுத்தாக, இடைவெளி இடைவெளியாக வேண்டும். இதற்கு உதவியாக அதே ஃபோல்டரில் ஜிபியூ ஸ்னிஃபர் என்ற சிறு புரோகிராம் கிடந்தது. ஓட்டினால் கார்டின் சரியான பெயரைச் சொல்லும். அது ஏற்கப்படாததற்குக் காரணத்தையும் ஒளிக்காமல் சொல்லும்: பெயர்ப்பட்டியலோடு பொருந்தவில்லை. வேகம் போதாது என்றோ, சூடு தாங்காது என்றோ சொன்னதில்லை.

காப்பியங்களில் இடைச்செருகல் கண்டால் பதிப்பாசிரியர் அதை அடிக்குறிப்புக்குத் தள்ளுவார். இங்கே செருகியவர் வேலை முடித்து வீட்டுக்குப் போனார். மூலபாடத்தைப் போற்றியவர் ரெண்டர் ஆகும்வரை காப்பி குடித்தார். ஆளுக்கொரு பாடபேதம் உண்டாக்கி, அத்தனை பாடமும் சரியென்று நிரூபணமான ஏடு வேறொன்று இருப்பதாகத் தெரியவில்லை. என்விடியா அல்லாத ரேடியான் கார்டுக்காரர் தம் கார்டின் பெயரை எழுதினால் மட்டும் பலிக்காது. ஏட்டின் தலைப்பிலேயே கூடா என்று போட்டிருக்கிறது.

நம்மூர்க் கல்யாண வீடியோக்காரர் பலருக்கு இச்சர்ச்சையே தெரியாது. அவர்கள் எடியஸ் என்னும் எடிட்டிங் மென்பொருளின் சம்பிரதாயம். அது பெரும்பாலும் பிராசசரையே நம்பிக் காலந்தள்ளியது. அடோபியிலோ, 2012இல் ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் சிஎஸ்6 தன் ரே-டிரேஸ் ரெண்டரருக்கென இன்னோர் ஏட்டைக் கொண்டுவந்தது. அதற்கும் அதே நோட்பேடு. 2013இல் பிரீமியர் புரோ சிசி வந்தபோது தடை நீங்கியது. 1 ஜிபி நினைவகம் இருந்தால் எந்தக் கார்டும் வரலாம், பெயர் தெரியாததாயின் ‘சோதிக்கப்படாதது’ என ஓர் எச்சரிக்கை மட்டும். விண்டோஸில் ரேடியானுக்கும், கூடாவுக்கு மாற்றான ஓப்பன்சிஎல் வழி திறந்தது. அந்த ஓப்பன்சிஎல்லைத் தொடங்கிவைத்த ஆப்பிளே 2018இல் அதை ஓய்வுப் பட்டியலில் சேர்த்தது. அது வேறு நூல்.

பட்டியல் போனதும் பொருத்தக் குறையும் போயிருக்க வேண்டும். போகவில்லை. இம்முறை அது எழுத்தில் இல்லை, சிலிக்கனிலேயே இருந்தது; நோட்பேடு செல்லாது. 2020இல் வந்த சோனி ஏ7எஸ் 3, கேனான் ஆர்5 போன்ற கேமராக்கள் எச்.265 கோடெக்கில் 10-பிட் 4:2:2 முறையில் பதிவு செய்தன. அந்த எண்கள், நிறத் தகவலில் எவ்வளவு மிச்சம் வைக்கிறோம் என்னும் கணக்கு: 4:2:0இல் கால்பங்கு மிஞ்சும், 4:2:2இல் பாதி, 4:4:4இல் முழுதும். 2022 அக்டோபரில் ஆர்டிஎக்ஸ் 4090 வந்தது. 24 ஜிபி நினைவகம், அமெரிக்காவில் 1,599 டாலர். அதன் டிகோடர் எச்.265இல் 4:2:0 அறியும், 4:4:4 அறியும். இடையில் இருப்பதை அறியாது. முதல் வகுப்பும் மூன்றாம் வகுப்பும் தேறிய மாணவன் இரண்டாம் வகுப்பில் தவறியது போன்ற இந்நிலையைப் படைத்தவர்கள் அதை ஒரு குறையாகக் கருதவில்லை. இன்டெல் 11ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசசருக்குள் தனி விலையின்றி வரும் கிராபிக்ஸோ அந்த ஃபைலைத் தடங்கலின்றி விரித்துக் காட்டும். கேமில் அதை யாரும் மதிப்பதில்லை.

இதற்கொரு புறனடை உண்டு. இன்டெல் பிராசசர் பெயரின் இறுதியில் எஃப் வந்தால் அந்த உள்கிராபிக்ஸ் வேலை செய்யாது. விலையும் சற்றுக் குறைவு. பெரிய கார்டு போடப்போகிறோமே, சின்னது எதற்கு என்று ரிச்சி தெருவில் கணக்குப் பார்த்து எஃப் வாங்கியவர், தமக்கு வேண்டியிருந்த ஒன்றையே மிச்சம்பிடித்தவர் ஆவார். விகுதியால் வரும் கேடுகளுள் இது விலை குறைந்தது.

டிரைவருக்கும் சில வரி. 2019 முதல் என்விடியா கேம் ரெடி, ஸ்டூடியோ என இரு சாகைகளை நடத்துகிறது. எக்கோளாறுக்கும் முதல் சிகிச்சை, கேம் ரெடியில் இருப்பவர் ஸ்டூடியோவுக்கு மாறுவது. ஸ்டூடியோவில் இருப்பவர் பழைய ஸ்டூடியோவுக்கு மாறுவது. அதற்கும் அடங்காவிடில் சேஃப் மோடில் நுழைந்து டிடியூ என்னும் கருவி கொண்டு டிரைவரை வேரோடு களைந்து, மறுபடி முதலிலிருந்து. இது பலிப்பதும் உண்டு. எதனால் பலித்தது என்று எவரும் விசாரிப்பதில்லை. விசாரித்தால் மறுபடி கெட்டுவிடுமோ என்ற அச்சம் நியாயமானதே.

2025 ஜனவரியில் ஆர்டிஎக்ஸ் 50 வரிசை 4:2:2 கற்றுக்கொண்டு வந்தது. டிகோடிங்கை எதனிடம் ஒப்படைப்பது என்று சொல்ல, பிரீமியரின் பிரிஃபரன்சஸில் மீடியா பகுதிக்குப் போனால் இன்டெல், என்விடியா எனத் தனித்தனிக் கட்டங்கள் இருக்கின்றன. இரண்டையும் டிக் செய்யலாம். இரண்டில் எது உழைக்கிறது என்பதை டாஸ்க் மேனேஜரில் வீடியோ டிகோட் கோடு எந்தப் பக்கம் ஏறுகிறது என்று பார்த்து அறியலாம். இரு பக்கமும் ஏறாமல் பிராசசர் மட்டும் நூறைத் தொட்டு நின்றால், டிக் செய்தபின் பிரீமியரை மூடித் திறந்தோமா என்பதை முதலில் பார்க்கவும்.