வின்டர்ஃபெல் போரும் மயிலாப்பூர் வெயிலும்: ஓர் ஆய்வு

2019 ஏப்ரல் 29, திங்கட்கிழமை காலை ஆறரை மணிக்கு மயிலாப்பூரில் நள்ளிரவு தொடங்கியது. சூரியன் ஆறு மணிக்கு முன்பே உதித்துவிட்டபடியால் ஊரில் பெரும்பாலோர் இதைக் கவனிக்கவில்லை. ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ எட்டாம் பருவத்தின் மூன்றாம் பகுதி அது. பெயரே ‘தி லாங் நைட்’. அமெரிக்காவில் ஞாயிறு இரவு ஒன்பது மணிக்கு ஒளிபரப்பானதை ஹாட்ஸ்டார் இங்கே அதே வேளையில் தந்தது. வின்டர்ஃபெல் கோட்டையில் உயிரோடு இருப்பவர்களுக்கும் செத்து எழுந்தவர்களுக்குமான அந்தப் போர் 82 நிமிடம் ஓடியது. அந்நேரம் லஸ் முனை முதல் பனகல் பார்க் வரையிலும், தெற்கே அடையாறு காந்தி நகர் வரையிலும் பார்வையாளர்களிடம் தோன்றிய மெய்ப்பாடுகளை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். வடசென்னையின் மெய்ப்பாடுகள் வேறு. அவற்றைத் தகுதியுள்ளவர்கள் எழுதட்டும்.

முதற்கண் ஒளியியல். உலகெங்கும் ரசிகர்கள் சொன்ன குறை ஒன்றுதான்: ஒரே இருட்டு, ஒன்றுமே தெரியவில்லை. ஒளிப்பதிவாளர் ஃபேபியன் வாக்னர் இதற்கு மசியவில்லை. படத்தில் கோளாறில்லை, டிவியைச் சரியாக வைத்துக்கொள்ள உங்களுக்குத் தெரியவில்லை, சினிமா பார்ப்பதுபோல் இருட்டறையில் உட்கார்ந்து பாருங்கள் என்ற ரீதியில் பதில் சொன்னார். வட அயர்லாந்துக் குளிரில் 55 இரவுகள் விழித்திருந்து படம்பிடித்த கூட்டத்துக்கு அப்படிப் பேசும் உரிமை உண்டு. ஆனால் அவர் சித்திரை மாதத்துக் கச்சேரி ரோட்டைக் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

வாஸ்து பார்த்து, கூடுதலாகச் சில லட்சங்கள் கொடுத்து, கிழக்குப் பார்த்த வீடு வாங்கியவர்கள் அன்று பட்ட பாடு தனி அத்தியாயத்துக்கு உரியது. ஆறரை மணி வெயில் பால்கனி வழியாக நேரே வந்து டிவியின் மேல் உட்கார்ந்துகொண்டது. திரைச்சீலையை இழுத்தார்கள், அது போதாமல் எட்டு முழ வேட்டியைக் குறுக்கே கட்டினார்கள். ஜன்னலைச் சாத்தியதும் புழுக்கம். உயிருள்ளோர் தரப்பின் டோத்ராக்கி குதிரைப்படை தீப்பற்றிய வாள்களோடு இருளுக்குள் பாய, அந்தத் தீப்பொட்டுகள் ஒவ்வொன்றாக அணையும் அற்புதமான காட்சியில், இவ்வகை வீடுகளில் திரையில் தெரிந்தவை: ஜன்னல் கம்பி, பின்சுவரில் தொங்கிய தினசரிக் காலண்டர், பனியனோடு அமர்ந்திருந்த பார்வையாளர். அந்நேரம் பார்த்துத் தெருமுனையில் மெட்ரோ வாட்டர் லாரி ஹாரன் அடித்தது என்றால், அந்த வருஷத்துக் கோடையை அறிந்தவர்களுக்கு மேலே விளக்க வேண்டியதில்லை. செம்பரம்பாக்கமும் பூண்டியும் வற்றிக்கொண்டிருந்த நாட்கள் அவை. குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடியவர்கள் திரும்பி வருவதற்குள் வின்டர்ஃபெல்லில் பாதிப்பேர் போய்ச் சேர்ந்திருந்தார்கள்.

ஆக, உலகத்தார் இருட்டால் காணாத போரைத் தென்சென்னையார் வெளிச்சத்தால் காணவில்லை. மேற்குப் பார்த்த ஃபிளாட்டை மலிவாக வாங்கி, பத்து வருஷமாக உறவினர் பேச்சைக் கேட்டுவந்தவர்கள் மட்டும் அன்று ஓரளவு கண்டார்கள்.

அடுத்து, காணாமலே தெளிவடைந்தவர்கள். மாட வீதிப் பக்கம் ஒரு கூடத்தில் பதிவான உரையாடல் இது:

“ஏண்டா, டிவி போயிடுத்தா? ஒரே கறுப்பா இருக்கே.”

“இல்லே பாட்டி, சண்டை நடக்கறது.”

“யாருக்கும் யாருக்கும்?”

“இருக்கறவாளுக்கும் செத்துப்போனவாளுக்கும்.”

“செத்தவா எதுக்குடா சண்டைக்கு வரா? திவசம் ஒழுங்காப் பண்ணலையோ?”

போரின் காரணம் குறித்து இதைவிடச் சுருக்கமான விளக்கம் எம் பார்வைக்கு வரவில்லை. இதன் வலிமை அந்தப் பகுதியிலேயே நிரூபணமாகிறது. பெண்டு பிள்ளைகளைப் பாதுகாப்பாக வைப்பதாகச் சொல்லி நிலவறைக் கல்லறைக்குள் அனுப்புகிறார்கள். எதிரியோ பிணங்களை எழுப்புவதில் கைதேர்ந்தவன். கோட்டைக்குச் சொந்தக்காரர்களான ஸ்டார்க் வம்சத்து மூதாதையர் எழுந்து வந்து, தஞ்சம் புகுந்தவர்களையே குதறுகிறார்கள். கைலாசபுரத்திலோ பெசன்ட் நகரிலோ எரித்துக் கரைத்துவிட்டு வரும் சமூகத்துக்கு இந்தத் தொல்லை எழவே எழாது. கவண்பொறிகளை அகழிக்கு வெளியே, காலாட்படைக்கும் முன்னால் நிறுத்தியது மடத்தனம் என்று நாகேஸ்வர ராவ் பூங்காவில் நடை போகிறவர்கள் சொன்னதும் உண்மையே. எனினும் பாட்டியின் கோட்பாட்டுக்கு முன் அது சில்லறை விவகாரம்.

இனி, கால ஆராய்ச்சி. திங்கட்கிழமை இராகு காலம் ஏழரை முதல் ஒன்பது. பிணங்களை எழுப்பும் அந்த எதிரி, இரவு அரசனாகிய நைட் கிங், பிரான் என்ற சிறுவனைக் கொல்லத் தோட்டத்துக்குள் காலெடுத்து வைத்தபோது நம்மூர்க் கடிகாரத்தில் ஏழரை தாண்டிவிட்டது. காரியம் உருப்படுமா என்கிறது மயிலாப்பூர்த் தரப்பு. தி.நகர்த் தரப்பு இதை ஏற்பதில்லை. பகற்பொழுதை எட்டாகப் பிரித்துத்தான் இராகு காலம் கணிக்கப்படுகிறது. சூரியனே உதிக்காத ஊரில் பகல் ஏது, பங்கு ஏது என்பது அவர்கள் வாதம். வாக்கியப் பஞ்சாங்கக்காரர்களும் திருக்கணிதக்காரர்களும் போல இரு தரப்பும் இன்றுவரை தத்தம் நிலையில் உறுதியாக நிற்கின்றன. பிரானின் அக்கா ஆர்யாவும் அதே நேரத்தில்தானே நைட் கிங்கைக் குத்தினாள், அவள் காரியம் மட்டும் எப்படிப் பலித்தது என்று கேட்போர் உண்டு. விடை எளிது: தொடங்குவதற்குத்தான் தோஷம். அவள் கத்தி பழகத் தொடங்கியது முதல் பருவத்தில், 2011இல்.

மேலும் ஒரு நுட்பம். பாய்ந்து வந்த ஆர்யாவின் இடக்கையை நைட் கிங் பிடித்துவிடுகிறான். அவள் கத்தியை நழுவவிட்டு, கீழே வலக்கையில் ஏந்தி, அதனால் குத்தி முடிக்கிறாள். உலக விமர்சகர்கள் இதைப் போர்த்தந்திரம் என்றார்கள். நல்ல காரியத்தை இடக்கையால் செய்யக் கூடாது என்று பழக்கப்பட்ட வீடுகளில் வேறு விளக்கம் தேவைப்படவில்லை.

பல வருஷம் பயமுறுத்தியவன் ஒரே குத்தில் கண்ணாடிச் சில்லாக உதிர்ந்தது பலருக்கு ஆறவில்லை. இந்த ஏமாற்றத்தில் தென்சென்னை அந்த வாரம் நன்கு பயின்றிருந்தது. குளிர்காலம் வருகிறது என்பது ஸ்டார்க் குடும்பத்து வாக்கு. மழை வருகிறது என்பது அன்று சென்னையின் வாக்கு. வங்கக்கடலில் ஃபானி புயல் இந்தப் பக்கம் வரும்போலத் தெரிந்து, வாளிகளையெல்லாம் மொட்டைமாடிக்கு ஏற்றவைத்து, பிறகு திரும்பி மே 3ஆம் தேதி ஒடிசாவில் புரி அருகே கரையேறியது.

ஏழு மணிக்கே கேப் பிடித்து ஓ.எம்.ஆர். போக வேண்டியவர்களின் மெய்ப்பாடு அச்சம் ஒன்றே. யாராவது முடிவைச் சொல்லிவிடுவார்களோ என்ற அச்சம். மூன்று நாள் முன்புதான் ‘அவெஞ்சர்ஸ்: எண்ட்கேம்’ வேறு வெளியாகியிருந்ததால், அந்த வாரம் அலுவலகங்களில் வாயைத் திறப்பதே குற்றமாக இருந்தது. சூரன் சாவான் என்று தெரிந்தே, யானைமுகம் விழும், சிங்கமுகம் விழும் என்று வரிசை தெரிந்தே, திருச்செந்தூர்க் கடற்கரையில் லட்சக்கணக்கில் கூடும் மக்களின் வாரிசுகள் இவர்கள். எங்கே தவறியது என்பது தனி ஆய்வுக்குரியது. நிதி கிடைத்தால் செய்யலாம்.

மறுவாரம், மே 6, நான்காம் பகுதி. வெற்றி விருந்தில் அரசி டேனரிஸின் முன்னால் யாரோ மறந்து வைத்த காகிதக் காபிக் கோப்பை ஒன்று சில நொடிகள் இருந்தது. தயாரிப்பாளர்கள் தவறை ஒப்புக்கொண்டு அழித்துவிட்டார்கள். முந்தைய வாரம் ஆயிரக்கணக்கான பிணங்களையே பார்க்கத் தவறிய கிழக்கு வாசல் வீடுகள் அந்தக் கோப்பையைப் பார்த்துவிட்டன. வெயில் அன்றும் அதே இடத்தில்தான் விழுந்தது. தி.நகர், அடையாறு, மயிலாப்பூர் ஆகிய முத்தரப்பும் முதன்முறையாக ஒரே கருத்துக்கு வந்தன: இவ்வளவு பெரிய அரண்மனையில் ஆற்றிக் குடிக்க ஒரு டவரா இல்லை.