மதுரைக்கு ஒரு மணி இருபது நிமிடம்

சென்னையிலிருந்து மதுரைக்கு ஆகாய வழியில் சுமார் 420 கிலோமீட்டர். இந்தத் தடத்தில் பறக்கும் ஏடிஆர் விமானம், இறக்கையில் விசிறி சுற்றுகிற ரகம்தான் என்றாலும், மணிக்கு ஏறக்குறைய 500 கிலோமீட்டர் போகும். வகுத்துப் பார்த்தால் ஐம்பது நிமிடம். டிக்கெட்டிலோ ஒரு மணி இருபது நிமிடம் என்று இருக்கிறது. மிச்ச அரை மணி எங்கே போனது என்று மாமனார் கேட்டார். கருவூலத்தில் வேலைபார்த்து ஓய்வுபெற்றவர். கணக்கு உதைத்தால் அவருக்குச் சோறு இறங்காது.

விமானக் கம்பெனிகளுக்குப் பறப்பது மட்டும் பயணம் இல்லை. மீனம்பாக்கத்தில் சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்த கட்டையை உருவுவதில் தொடங்கி, மதுரையில் மறுபடி கட்டை வைக்கும்வரை எல்லாமே கணக்கில் சேரும். ரன்வேயை நோக்கி ஊர்வது, முன்னால் நிற்கும் பெரிய விமானங்களுக்கு வழிவிடுவது, இறங்க அனுமதி கிடைக்காமல் வட்டமடிப்பது எல்லாம் அதற்குள் அடக்கம். போதாததற்குக் கைக்காவலாகக் கொஞ்சம் நிமிடங்களையும் சேர்த்துப் போடுவார்கள். ஐந்துக்கே வேன் கிளம்பிவிடும் என்று மிரட்டி ஆறுக்குக் கிளப்புகிற கல்யாண வீட்டுச் சித்தப்பாவின் வித்தைதான். பத்து நிமிடம் தாமதமாகக் கிளம்பிய விமானம் ஐந்து நிமிடம் முன்னதாகவே வந்துவிட்டதாக மைக்கில் பெருமை பேசும் ரகசியம் இதுதான்.

எல்லாம் கேட்டுக்கொண்டு மாமனார் நிதானமாக அடுத்த கேள்வியைப் போட்டார்: “அது சரி மாப்பிள்ளை, வீட்டைவிட்டு எத்தனை மணிக்குக் கிளம்புனீங்க?”

வீடு அம்பத்தூரில். பாடி, கோயம்பேடு, வடபழனி, கத்திப்பாரா என்று ஒவ்வொன்றாக வேண்டிக்கொண்டே போகவேண்டும். பெட்டி போடும் கவுண்டரை ஒரு மணி நேரம் முன்பே சாத்திவிடுவார்கள். அப்புறம் பெல்ட்டைக் கழற்றிக் கூடையில் போட்டு, நழுவும் பேண்ட்டை ஒரு கையால் பிடித்தபடி இன்னொரு கையைத் தூக்கிக் காட்டவேண்டும். மாமியாருக்கென்று மனைவி கட்டித்தந்த ஊறுகாய் பாட்டிலுக்கு அங்கே தனி விசாரணை. ஆகமொத்தம் வாசற்படியிலிருந்து வாசற்படிக்கு ஐந்தரை மணி நேரம்.

“வந்தே பாரத்ல எழும்பூர்ல ஏறுனா ஆறு மணி நேரத்துக்குள்ள மதுரை” என்றார் அவர். வைகை எக்ஸ்பிரஸ் 1977-ல் ஓடத் தொடங்கியதிலிருந்து ரயில் கட்சிக்காரர். உள்ளே தோசை வார்த்துக்கொண்டிருந்த மனைவி, “அம்பத்தூர்லேர்ந்து எழும்பூருக்குப் பறந்தா போறது, அப்பா?” என்று கேட்டாள். நான் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மச்சான் விஷயம் வேறு. ஊருக்குள் அவர்தான் முதலில் கால்வைக்க வேண்டும். அதற்காகக் கூடுதல் காசு கட்டி முதல் வரிசை வாங்கினார். ஏடிஆரில் பயணிகளுக்கான கதவு வால்பக்கம். முன்பக்கம் சாமான் அறை. சீட்டு வாங்கும்போது இதை யாரும் சொல்லமாட்டார்கள். விமானம் நின்றதும் மச்சான் துள்ளி எழுந்து பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். கடைசி வரிசையிலிருந்த பாட்டி முதல் ஆளாகப் படியிறங்கினார். குழந்தைகள், மேல்தட்டில் மாட்டிக்கொண்ட பையோடு மல்லுக்கட்டியவர்கள், போனில் “இப்பதான் எறங்குறேன்” என்று நகராமல் நின்றவர் என்று அத்தனை பேரும் போய்முடிய, முன்வரிசைக்காரர் கடைசியாக வந்து சேர்ந்தார். பாட்டி அதற்குள் ஆட்டோ பேசிக்கொண்டிருந்தார்.