முகப்பு விளக்கு விகாரப் படலம்

ஸ்விட்சைப் போட்டதும் லாரியின் முகப்பு விளக்கு எரிவது இயல்பு. பழைய லாரிக்கு இவ்வியல்பு அருகியே வரும், எஞ்சியதெல்லாம் விகாரம். அது தோன்றல், திரிதல், கெடுதல் என மூவகைப்படும். ஒயரும் ஒயரும் சேர்வதும் புணர்ச்சியே ஆதலின் பள்ளிக்கூட இலக்கணம் இங்கும் செல்லும் என்க.

கெடுதலை முதலில் வைத்தோம், டிரைவர் முதலில் காண்பது அதுவே ஆதலின். இரு பக்கமும் ஒருசேர அவிந்தால் பல்பைக் கழற்றுவது வீண். இரண்டு பல்பும் ஒரே நொடியில் உயிர் விடுவது அரிது. ஃபியூஸ், ரிலே, ஸ்விட்ச், டிப்பர் எனப் பொதுவழியில் தேடுக. ரிலே இல்லாத காலத்து வண்டியாயின் ஸ்விட்சையே ஐயுறுக: 24 வோல்ட் லாரியில் 75 வாட் பல்பு இரண்டு எரிந்தால் ஆறு ஆம்பியருக்கு மேல் அதன் வழியே ஓடும். நாளடைவில் உள்ளே காண்டாக்ட் தீய்ந்துவிடும். ஒரு பக்கம் மட்டும் அவிந்தால் பெரும்பாலும் பல்பு, கப்ளர், எர்த் என்ற மூன்றுக்குள் அடங்கும்.

ஈண்டுக் கிளீனர்கள் வழிவழியாகப் போற்றும் தட்டுவாதம் ஒன்றுண்டு. உள்ளங்கையால் ஓங்கித் தட்டினால் விளக்கு எரியும் என்பது அதன் கொள்கை. கற்றோர் நகைப்பர், நகைத்தல் தகாது. தட்டி எரிந்தால் எங்கோ இணைப்பு லூஸ் என்பது பெறப்படும். ஆகவே அது நோய் அறியும் முறை. அதையே மருந்தென்று நம்பிச் சேலம் வரை தட்டிக்கொண்டு போவதுதான் பிழை.

இனித் திரிதல். வெள்ளை வெளிச்சம் மஞ்சளாகி மங்குவது. வோல்ட்டேஜ் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் ஹாலஜன் வெளிச்சம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறையும். பழி பல்பின் மேல் விழும். குற்றவாளி பல சமயம் எர்த். இதற்கு ஒரு காரணம் எஃப்.சி. எனும் தகுதிச் சான்று. பழைய லாரியை ஆண்டுதோறும் எஃப்.சி.க்குக் காட்டவேண்டும், அதற்கு முன் பெயின்ட் அடிப்பார்கள். எர்த் போல்ட்டைக் கழற்றி, அடித்து, பெயின்டின் மேலேயே திரும்ப முறுக்குவார்கள். பெயின்ட் மின்சாரம் கடத்தாது. வெளியே பளபளப்பு, உள்ளே பச்சைக் களிம்பு.

நாமக்கல் பட்டறை ஒன்றில் இதன் செய்முறை காண்க.

"அண்ணே, போன வாரந்தான் ரெண்டு பல்பும் மாத்துனேன்."

"பல்ப விடு தம்பி, அந்த ஒயர எடு."

எலக்ட்ரீஷியன் ஒயரின் ஒரு நுனியைப் பேட்டரி நெகட்டிவில் கொடுத்தார். மறு நுனியைக் கப்ளரின் முதுகில் எர்த் பின்னோடு சேர்த்துப் பிடித்தார். மஞ்சள் சட்டென்று வெள்ளையானது. ஒயரை எடுத்தார், மறுபடி மஞ்சள். பிறகு போல்ட்டைக் கழற்றி, இரும்பு மின்னும்வரை உப்புத்தாளால் தேய்த்து, முறுக்கி, மேலே கிரீஸ் தடவினார். டிரைவர் கையிலிருந்த புதுப் பல்பு டப்பா டப்பாவாகவே இருந்தது.

தோன்றல் என்பது எரியவேண்டாதது எரிவது. டிம்மில் ஓடும்போதே டேஷ்போர்டில் ஹை பீமுக்கு உரிய நீல விளக்கு லேசாகத் தோன்றும். 'பேய்' என்பாரும் உளர். ஒரு விளக்கின் எர்த் அறுந்தால் டிம் இழை வழியே வந்த மின்சாரம் திரும்பப் பாதையின்றி அதே பல்பின் பிரைட் இழையில் புகுந்து, அங்கிருந்து நீல விளக்கு வழியாகவும் எதிர்ப்பக்கப் பல்பு வழியாகவும் எர்த்தைத் தேடிப் போகும். ஆக, பேயின் பெயரும் எர்த்தே.

புதுப் பல்பு அடிக்கடி ஃபியூஸாவது எதில் அடங்கும் எனின், மிகல் என்று தனியே கொள்க. ஆல்டர்னேட்டர் 28 வோல்ட் அளவில் கொடுக்கவேண்டும். 30 தாண்டினால் ரெகுலேட்டர் கெட்டது. வோல்ட்டேஜ் ஐந்து சதவீதம் கூடினாலே பல்பின் ஆயுள் பாதியாகும். பல்பின் கண்ணாடியை வெறுங்கையால் தொட்டு மாட்டுவதும் இவ்வகைக்குத் துணை செய்யும்.

ஹாலஜன் ரிஃப்ளெக்டரில் எல்.இ.டி. மாட்டினால் எல்லா விகாரமும் தீரும் என்பார் கூற்றை நாம் ஏற்கவில்லை. அது எதிரே வருபவன் கண்ணில்தான் எரிகிறது.

அடுத்த எஃப்.சி.க்கு வண்டியைப் பெயின்டரிடம் விடும்போது, எர்த் போல்ட் உட்காரும் இடங்களில் டேப் ஒட்டிவிட்டுக் கொடுங்கள்.