சர்க்கரை டப்பாவின் அகழி: வடசென்னைச் சிற்றுயிர்க் கருணை பற்றிய ஓர் ஆராய்ச்சி

பாரி முல்லைக்குத் தேர் கொடுத்தான், பேகன் மயிலுக்குப் போர்வை கொடுத்தான் என்று எழுதி ஆளுக்கு ஐந்து மதிப்பெண் வாங்கியவர்கள் நாம். எறும்புக்கு யார் என்ன கொடுத்தார்கள் என்று எந்தத் தேர்விலும் கேட்டதில்லை. தமிழ் ஆய்வுலகம் இந்தப் பெரும் பள்ளத்தைக் கண்டும் காணாமல் தாண்டிப் போய்க்கொண்டிருக்கிறது. அதை நிரப்ப வேறு யாரும் முன்வராததால் இந்த ஆய்வாளர் முன்வர நேர்ந்தது.

ஆய்வுக் களம் ராயபுரத்தில் தொடங்கித் திருவொற்றியூர் வழியாக எண்ணூரில் முடிகிறது. காரணம் எளிது. துறைமுகம் இருந்தால் சரக்கு இருக்கும். சரக்கு இருந்தால் சிந்தும். சிந்தினால் எறும்பு வரும். ஆய்வுக் கருவிகள் ஒரு முக்காலி, ஒரு மூக்குக்கண்ணாடி. நிதியுதவி அடுக்களைச் சர்க்கரை டப்பா. அந்த உதவி வீட்டாரின் முன் அனுமதியின்றிப் பெறப்பட்டது.

முதலில் வகைப்பாடு. விலங்கியலார் எறும்புகளை இடுப்புக் கணுவை எண்ணியும் கொடுக்கு இருக்கிறதா என்று பார்த்தும் பிரிக்கிறார்கள். நம் வீடுகளில் இரண்டே பேரினம்தான்: சாமி எறும்பு, மற்ற எறும்பு. கறுப்பாக, சின்னதாக, எதற்கு என்று தெரியாமல் குறுக்கும் நெடுக்கும் ஓடுவது சாமி எறும்பு. சில வீடுகளில் பிள்ளையார் எறும்பு. சிவப்பாக இருப்பதற்குத் தெய்வத் தொடர்பு எதுவும் இல்லை. ராயபுரத்தில் பக்கத்து வீட்டு ஆயா திண்ணையில் உட்கார்ந்து நெத்திலிக் கருவாட்டுக்குத் தலை கிள்ளிக்கொண்டிருந்தபோது இந்தக் கோட்பாடு நேரடியாகச் சோதிக்கப்பட்டது. பேரன் ஒரு கறுப்பு எறும்பைக் கட்டைவிரலால் நசுக்கப் போனான். “டேய், சாமி எறும்புடா, வுட்டுடு. அது இன்னா பண்ணிச்சு உன்ன?” என்றார் ஆயா. சொல்லி வாய் மூடவில்லை, காலில் சுரீர் என்றது. தட்டிய வேகத்தில் ஒரு சிவப்பு எறும்பு சிமென்ட் தரையில் புள்ளியாகிவிட்டது. “இத்த மட்டும் ஏன் ஆயா?” என்று கேட்டேன். “இது கடிக்குது இல்ல?” என்றார். கடித்தால் கறுப்பையும் அடிப்பீர்களா என்ற துணைக் கேள்விக்கு, “கடிச்சா அது எப்டி சாமி எறும்பாவும்?” என்று பதில் வந்தது. தர்க்கத்தில் ஓட்டை இல்லை. ஆறடி உயரத்துச் சாமிகளுக்கும் இதே அளவுகோலை வைத்திருந்தால் நாடு எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும் என்பது ஆய்வுக்கு அப்பாற்பட்ட செய்தி.

இங்கே சிவப்பு எறும்பின் தரப்பையும் பதிவு செய்வது முறை. பறவை ஆராய்ச்சியில் பேர்போன தாமஸ் ஜெர்டன் என்ற மருத்துவர் 1851-ல் தென்னிந்திய எறும்புகளுக்கு ஒரு பட்டியல் போட்டு, சென்னையிலிருந்து வந்துகொண்டிருந்த ஓர் அறிவியல் இதழில் வெளியிட்டார். அதில் அவர் முதன்முதலாக விவரித்த வீட்டு எறும்புகளில் இரண்டு, டிரைக்கோமிர்மெக்ஸ் டிஸ்ட்ரக்டர் (முன்பு மோனோமோரியம் டிஸ்ட்ரக்டர்), மோனோமோரியம் ஃப்ளோரிகோலா, பிற்பாடு கப்பல் சரக்கோடு பயணம் செய்து வெப்பநாட்டுத் துறைமுகங்கள் பலவற்றில் குடியேறிவிட்டன. பாஸ்போர்ட் இல்லை, ஏஜென்ட்டுக்குக் கமிஷன் இல்லை. ரங்கூனுக்கும் சிங்கப்பூருக்கும் கப்பலேறிய நம் ஆட்களைப் பற்றிப் புத்தகம் போட்டவர்கள், அதே மூட்டைக்குள் போனவர்களைப் பற்றி ஒரு துண்டறிக்கைகூடப் போடவில்லை.

இனி அகழி. எண்ணூர்ப் பக்கத்து அடுக்களைகளில் ஒரு தட்டில் தண்ணீர் ஊற்றி, நடுவே சர்க்கரை டப்பாவையோ தேங்காய்ச் சில்லுக் கிண்ணத்தையோ வைத்திருப்பார்கள். எறும்பு விளிம்புவரை வரும், உணர்கொம்பை நீட்டித் தண்ணீரைத் தொட்டுப் பார்க்கும், தட்டை ஒரு சுற்றுச் சுற்றும், எதிரே வருகிற கூட்டாளியோடு முகத்தோடு முகம் வைத்து ஏதோ பேசும், திரும்பிவிடும். செத்தவர் இல்லை, காயம் பட்டவர் இல்லை. முற்றுகையிட்ட படையை உயிர்ச்சேதமின்றித் திருப்பியனுப்பிய கோட்டை என்று பார்த்தால் வேலூருக்கும் செஞ்சிக்கும் மேலே இந்தச் சர்க்கரை டப்பாவை வைக்க வேண்டும். தட்டுத் தண்ணீர் வற்றுகிறதா என்று பார்க்க ஆள் வேண்டும் என்பதுதான் ஒரே குறை. கருணை என்பது பாதி கவனம். அதை வீட்டில் யார் தலையில் கட்டுவது என்பதில்தான் சண்டை வருகிறது.

கவனம் தவறி எறும்பு உள்ளே போய்விட்டால் என்ன செய்வது? அதற்கும் நம்மிடம் சாஸ்திரம் இருக்கிறது. காப்பியில் மிதக்கும் எறும்பைப் பார்த்து முகம் சுளிக்கும் பிள்ளையிடம், “எறும்பு துன்னா கண்ணு நல்லாத் தெரியும்” என்று சொல்லிவிடுவார்கள். வேலைக்கார எறும்புகளில் பலவற்றுக்குப் பார்வை மங்கல். அவை வழி கண்டுபிடிப்பது பெரும்பாலும் வாசனையால். பார்வை குறைந்த ஒன்றைத் தின்றால் நமக்குப் பார்வை கூடும் என்ற முடிவுக்கு முன்னோர்கள் எந்தச் சோதனைச்சாலையில் வந்தார்கள் என்பது ஆராயத்தக்கது. எனினும் இதன் நோக்கம் மருத்துவம் அன்று, பரிகாரம். தெரியாமல் செய்த கொலையைத் தெரிந்தே செய்த வைத்தியமாக மாற்றிவிடுகிறார்கள்.

ஆய்வின் நடுப்பகுதி வாசற்படி. மார்கழி பிறந்தால் வாரப் பத்திரிகைகள் தவறாமல் எழுதும்: அரிசி மாவில் கோலம் போடுவது எறும்புக்கு இடும் அன்னதானம். அழகான கருத்து, அச்சேறும் ஒவ்வொரு முறையும் மெய்சிலிர்க்கிறது. ஆனால் தெருவில் “கோலமாவே...” என்று கூவிக்கொண்டு வருகிற வண்டியில் இருப்பது வெள்ளைக் கல்லை அரைத்த பொடி. கை நழுவி அழகாக விழும், கோடு கலையாது, விலையும் குறைவு. எறும்பு வருகிறது, வாயில் எடுக்கிறது, போட்டுவிட்டுப் போகிறது. இது பந்தி போட்டு, இலை போட்டு, இலையில் ஜல்லி பரிமாறுகிற கதை. விருந்தாளி கோபித்துக்கொண்டு நேரே அடுக்களைக்குப் போவதில் என்ன தப்பு?

அடுக்களை வாசலில் அதற்கு இன்னொரு வெள்ளைக் கோடு காத்திருக்கிறது. எறும்பு சாக்பீஸ். நரம்பைத் தாக்கும் பூச்சிமருந்தைச் சுண்ணப் பொடியோடு பிசைந்து செய்தது. தாண்டிய எறும்பு கொஞ்ச தூரம் ஓடும், பிறகு மல்லாந்து கால் உதறும். ஆக, ஒரே வீட்டில், ஒரே கை, ஒரே நாளில் இரண்டு வெள்ளைக் கோடுகள் போடுகிறது. வாசலில் போடுவது வரவேற்பு, உள்ளே போடுவது மரண தண்டனை. எறும்பின் மூக்குக்கு வித்தியாசம் தெரியலாம். தெருவில் போகிறவனின் கண்ணுக்குத் தெரியாது.

கறையானிடம் வந்தால் இந்த இரட்டை வேடம் இன்னும் துலக்கமாகிறது. திருவொற்றியூர்த் தியாகராசர் கோயிலின் மூலவர் ஆதிபுரீசுவரர், படம்பக்கநாதர் என்றும் பெயர், புற்று வடிவானவர். ஆண்டு முழுவதும் கவசத்துக்குள் இருப்பார். கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டி மூன்று நாள் மட்டும் கவசம் களைவார்கள். அந்த மூன்று நாளும் வரிசை தெருவுக்கு வந்துவிடும். புற்று என்பது கறையான் மண்ணைக் குழைத்து எழுப்பிய வீடு, பாம்பெல்லாம் பிறகு வந்த குடித்தனக்காரர். அதாவது சென்னையின் மிகப் பழைய கோயில்களுள் ஒன்றில் கருவறைக்கு வேலை பார்த்த முதல் கொத்தனார் கறையான். கும்பிட்டு வீடு திரும்புகிறோம், நிலைக்கதவின் ஓரத்தில் விரற்கடை நீளத்துக்கு மண் கோடு ஏறியிருக்கிறது. உடனே மருந்தடிக்கும் ஆளுக்குப் போன். அவர் தரையில் துளை போட்டு மருந்து இறக்குகிறார். சாமிக்கு வீடு கட்டினால் சிற்பி, நம் வீட்டைத் தொட்டால் ஆக்கிரமிப்பாளர்.

இதே கோயிலுக்குத்தான் இராமலிங்க அடிகள் ஏழுகிணற்றிலிருந்து நடந்து நடந்து வந்தார். 1858-ல் சென்னையை விட்டுப் போகும்வரை அவருக்கு வடிவுடையம்மன் சன்னிதிதான் தாய்வீடு. பசித்து வந்தவருக்கு அம்மனே அண்ணி உருவில் சோறு போட்டதாக இங்கே சொல்வார்கள். பிறகு 1867-ல் வடலூரில் தருமசாலை திறந்தவர், சீவகாருணியத்துக்கு முதற்படியாக வைத்தது பசி தீர்ப்பதை. கடிக்கிறதா, நிறம் என்ன என்ற கேள்விகளுக்கு அங்கே இடமில்லை. இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால் சர்க்கரை டப்பாவைச் சுற்றி வரும் எறும்பு திருடனல்ல, பசியோடு வந்த ஆள். இந்த ஆய்வாளருக்குச் சங்கடம் தந்த தரவு இது ஒன்றுதான். (திருவொற்றியூரிலேயே கடலோரம் சமாதி கொண்ட பட்டினத்தார் கையில் கரும்போடு திரிந்தவர். எறும்போடு அவர் எப்படிச் சமாளித்தார் என்பது தனி முனைவர் பட்டத்துக்கு உரிய தலைப்பு.)

சட்டம் என்ன சொல்கிறது? மகாபாரதத்தில் மாண்டவ்யர் வழக்கு முக்கியமானது. செய்யாத திருட்டுக்காகக் கழுவில் ஏற்றப்பட்ட முனிவர், இது எந்தப் பாவத்துக்கு என்று தருமதேவனிடம் கேட்டார். சிறுவயதில் பூச்சியைப் புல்லால் குத்தினாய் என்றான் அவன். அறியாத வயதுக்கு இவ்வளவு தண்டனையா என்று கொதித்த முனிவர் தருமனையே சபித்து, பதினான்கு வயதுவரை செய்தது பாவக்கணக்கில் சேராது என்று விதியைத் திருத்தினார். தும்பி வாலில் நூல் கட்டியவர்கள், தீப்பெட்டிக்குள் பொன்வண்டு வளர்த்தவர்கள் எல்லோரும் இன்று நிம்மதியாக உட்கார்ந்திருப்பது இந்தத் திருத்தத்தால்தான். சபிக்கப்பட்ட தருமன் விதுரனாகப் பிறந்தான். பூச்சி வழக்கில் நீதிபதிக்குத் தண்டனை கிடைத்தது அந்த ஒரு தடவையோடு சரி.

இந்தியக் குடியரசின் சட்டம் இன்னும் தாராளம். மாநிலங்களவையில் ருக்மிணி தேவி அருண்டேல் விடாமல் மன்றாடியதன் பலனாக வந்த 1960-ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டம், விலங்கு என்றால் மனிதர் தவிர்த்த எந்த உயிரும் என்கிறது. யானைக்கு உள்ள இடம் கரப்பானுக்கும் உண்டு. வதைத்தால் முதல் குற்றத்துக்கு 10 ரூபாய்க்குக் குறையாமல் 50 ரூபாய்வரை அபராதம். மீனுக்கோ நாள் குறித்தே கருணை வைத்திருக்கிறார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் காசிமேட்டு விசைப்படகுகள் கரையில் நிற்கும். எறும்புக்கு அப்படி ஒரு வாரம்கூட அரசிதழில் வரவில்லை.

கொசுவைப் பற்றியும் எழுதாவிட்டால் ஆய்வுக்குழு கேட்கும். பக்கிங்காம் கால்வாய் ஓரம் குடியிருந்துகொண்டு கொசுவுக்கு இரங்குபவர் யாரும் இந்தக் களத்தில் அகப்படவில்லை. கடிப்பது பெண் கொசு மட்டும், அதுவும் முட்டைக்காக என்று விளக்கிப் பார்த்தேன். பேட்டில் ‘பட்’ என்ற சத்தம்தான் விடையாக வந்தது. மலேரியாவும் டெங்குவும் பார்த்த ஊரிடம் இதற்கு மேல் கேட்பது நியாயமும் இல்லை.

எண்ணூரில் ஆய்வு ஓர் இடத்தில் தடுக்கி நின்றது. அங்கே வாசற்படியில் மூன்றாவதாக ஒரு பொடி இருக்கிறது. அனல்மின் நிலையச் சாம்பல். அதைக் கோலமாகவும் யாரும் போடவில்லை, மருந்தாகவும் யாரும் தூவவில்லை. குழாய் கசிந்து கொசஸ்தலை ஆற்றில் படிந்தது போக மிச்சம் காற்றோடு வந்து படிகிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கத்திலிருந்து எண்ணெய் இறங்கி முகத்துவாரத்தை மூடியது. இறக்கை ஒட்டிக்கொண்ட கூழைக்கடாக்களின் படம் பத்திரிகைகளில் வந்தது. சேற்றுக்குள் இருந்த நண்டுக்கும் இறாலுக்கும் கேமரா எட்டாது. மீனவர்கள் பக்கெட்டும் மக்கும் வைத்து எண்ணெயை மொண்டார்கள். அதே மாதம் 26-ஆம் தேதி நள்ளிரவில் பெரியகுப்பத்தில் அமோனியா கசிந்து, ஊர் மூச்சுத் திணறி எழுந்து பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடியது. புற்றுக்குள் புகை போட்டால் எறும்பு முட்டைகளைக் கவ்விக்கொண்டு ஓடும் என்று இரண்டாம் வகுப்பிலேயே படித்திருக்கிறோம். சிற்றுயிர் என்பதற்கு உடல் அளவை வைத்து இலக்கணம் எழுதியவர்கள் எண்ணூருக்கு வந்து பார்த்துவிட்டு எழுதியிருக்கலாம். ஆய்வாளருக்கு இந்தப் பத்தியில் விளையாட்டு வரவில்லை, மன்னிக்கவும்.

பரிந்துரைகளுக்கு வருவோம். எறும்பு வரிசை என்பது தரையில் பூசிய வாசனைக் கோடு. ஈரத்துணியால் ஒரு தடவை அழுத்தித் துடைத்தால் வழி அறுந்துவிடும், சாக்பீஸுக்கு வேலை இல்லை. தட்டில் தண்ணீர் வற்றாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அந்தப் பொறுப்பை வீட்டில் மூக்குக்கண்ணாடி போட்ட யாராவது ஓர் ஆணிடம் ஒப்படைக்கலாம். கடைசியாக, கோலமாவு டப்பாவில் ஒரு கைப்பிடி அரிசி மாவு கலந்து வையுங்கள். ரேஷன் அரிசியே போதும். 2011 முதல் அது இலவசம், எறும்பு பொன்னியா புழுங்கலா என்று கேட்பதில்லை.