சங்கிலி புடிச்சவன் சொல்றேன், கேளப்பு

வாப்பு, இந்தத் திண்ணையில உக்காரு. பள்ளிக்கூடத்துக்குப் புதுசா வந்திருக்கிற சமூக அறிவியல் வாத்தியாரு நீதானே? செவுத்துல பெரிய பலகையை மாட்டி, பூகோளத்தை வானத்துல இருந்தே காட்டுறியாமே. ஊரே பேசுது. எங்க பேத்தி வந்து, "தாத்தா, இன்னைக்கு அமேசான் காட்டுக்குப் போயிட்டு வந்தோம்"னா. அம்புட்டுத் தூரம் போயிட்டு மத்தியானச் சோத்துக்குத் திரும்பிட்டியே ஆத்தான்னேன்.

சரி, நம்ம கம்மாய்க்குத் தண்ணி எங்கிட்டிருந்து வருதுன்னு கேட்டேன். திருதிருன்னு முழிக்கிறா. கம்மாய் எங்க கெடக்கு? உங்க பள்ளிக்கூடத்துக்குக் கொல்லைப்புறத்துல. கையில வெண்ணெய், நெய்க்கு அலைச்சல்.

உடனே முகத்தைச் சுருக்காத. கெழவன் கம்ப்யூட்டரைத் திட்டப் போறான்னு நெனைக்கிறியா? நானும் அளவைக்காரன்தான். அந்தக் காலத்துல சர்வேயருக்குச் சங்கிலி புடிச்சவன். சங்கிலி 66 அடி, அதுல 100 லிங்க்ஸ். நாலு பக்கமும் ஒவ்வொரு சங்கிலி போட்டா உள்ள கெடக்குற நெலம் சரியா 10 சென்ட். உன் பத்தாங்கிளாஸ் பிள்ளைகள்ட்ட, 10 சென்ட்னா எம்புட்டு எடம்னு கேளு பாப்போம். அமேசான் எத்தனை சதுர கிலோமீட்டர்னு மட்டும் கடகடன்னு ஒப்பிக்கும்.

நாட்டையே அளந்த கதை தெரியுமா ஒனக்கு? 1802-ல லாம்டன் துரை பரங்கிமலைப் பக்கத்துல சங்கிலி போட்டுத்தான் ஆரம்பிச்சாரு. கோணம் பாக்குற கருவி அரை டன் கனம். அதை ஆளுக தூக்கிக்கிட்டே நடந்தாக. 1808-ல தஞ்சாவூர்ப் பெரிய கோயில் உச்சிக்கு ஏத்துறப்ப கயிறு அந்து, செவுத்துல மோதி நசுங்கிப் போச்சு. துரை கூடாரத்துக்குள்ள உக்காந்து தானே நிமித்தினாரு. அளந்தவன் அத்தனை பேரும் வெயில்ல நடந்திருக்கான். உன் பிள்ளைக மட்டும் நாற்காலியை விட்டு எந்திரிக்கக் கூடாதுன்னு எந்தச் சட்டத்துல இருக்கு?

இன்னொண்ணு கேக்குறேன். பலகையில அந்த வானத்துப் படத்தைத் தொறந்ததும் பிள்ளைக மொதல்ல எதைத் தேடுதுங்க? அவுகவுக வீட்டை. "ஏய், எங்க மாடி! எங்க வேப்ப மரம்!"னு கத்துதுங்க. நீ என்ன பண்ற? "சும்மா இருங்க, பாடத்துக்கு வருவோம்"னு அதட்டிப் பிரேசிலுக்கு இழுத்துட்டுப் போற. பாடம் அந்த வீட்டு வாசல்ல வந்து நின்னுச்சேப்பா! வீட்டுல இருந்து கம்மாய்க்கு, கம்மாய்ல இருந்து மடைக்கு, மடையில இருந்து வயலுக்குன்னு விரலை நகத்த விட்டிருந்தா, பிரேசிலுக்கு அதுகளே போயிருக்கும்.

போன வருசம் ஒரு கூத்து நடந்துச்சு. பள்ளிக்கூடத்துல, மேல இருந்து எடுத்த படத்தைப் பாத்து நெலத்தை வகை பிரிக்கச் சொல்லியிருக்காக. பிள்ளைக நம்ம கம்மாயைத் 'தரிசு'ன்னு எழுதி, காவிக் கலர் அடிச்சு, லேமினேட் பண்ணி மாட்டிருச்சுக. அதிகாரி வந்து பாத்துட்டுக் கைதட்டிட்டுப் போனாரு. படம் எப்ப எடுத்தது? வைகாசியில. வைகாசியில கம்மாயில என்ன இருக்கும்? சீமைக்கருவையும் ஆடும். கார்த்திகையில வந்து நின்னு பாருன்னா, கலுங்கு தாண்டித் தண்ணி போகும். படம் பொய் சொல்லலை. எந்த மாசத்துப் படம்னு ஒருத்தரும் கேக்கலை, அம்புட்டுத்தான்.

லேண்ட்சாட்னு செயற்கைக்கோள் வரிசை ஒண்ணு 1972-ல இருந்து மேல சுத்திக்கிட்டே படம் எடுக்குது, 2008-ல இருந்து காசில்லாம கெடைக்குதுன்னு என் மகன் சொல்றான். அதுல ஒரு கட்டம் 30 மீட்டருக்கு 30 மீட்டர். கணக்குப் போட்டேன், 22 சென்ட் வருது. என் வீடு, தொழுவம், கெணறு, பங்காளி வீடு எல்லாம் ஒரே கட்டத்துல அடங்கிப் போச்சு. கோர்ட்டுக்குப் போயும் ஒண்ணு சேராத குடும்பத்தை மேல இருந்தே சேத்து வச்சிருச்சு பாரு! ஐரோப்பாக்காரன் விட்ட சென்டினல்-2 படத்துல கட்டம் 10 மீட்டர்தான், சுமார் ரெண்டரை சென்ட். அதுல நம்ம கம்மாயோட வைகாசிப் படத்தையும் கார்த்திகைப் படத்தையும் பக்கத்துல பக்கத்துல வச்சுக் காட்டு. பிள்ளைக கேள்வி கேட்டே உன்னைக் கொன்னுரும். அப்படிக் கொல்லணும்ல?

போனைத் தூக்கிக்கிட்டு வரப்புத் தகராறு தீக்க வந்தான் ஒரு பட்டணத்துப் பையன். வெட்டவெளியிலயே போனு அஞ்சு மீட்டர் முன்னப் பின்ன காட்டும். வரப்பு அகலம் ஒன்றரை அடி. என்னத்தைத் தீக்குறது? பெறகு எஃப்.எம்.பி.ங்கிற நில அளவைப் புத்தகத்தை எடுத்து, அளவுகல்லைத் தோண்டித் தேடித்தான் முடிச்சாக. இதையும் வகுப்புல சொல்லு. எந்தக் கருவி எதுக்கு ஆகாதுன்னு தெரிஞ்ச பிள்ளைதான் அதை ஒழுங்காப் புடிக்கும்.

இஸ்ரோக்காரக 2009-ல 'புவன்'னு வரைபடத் தளம் ஒண்ணு தொறந்தாக. நல்லா இருக்கு, நானே பாத்தேன். 2004-ல இங்கிலாந்துல ஆரம்பிச்ச ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்னு ஒண்ணு இருக்காமே, யாரு வேணாலும் வரையலாமாம். அதுல நம்ம ஊரு ஒரு ரோடும் ஒரு புள்ளியுமா நிக்குது. ஊருணி இல்லை, ரேசன் கடை இல்லை, அங்கன்வாடி இல்லை. பிள்ளைகளை நடக்கவிட்டு, நோட்டுல குறிச்சு, தமிழ்லயே ஏத்தச் சொல்லு. மடை எத்தனை, எது தூந்து கெடக்குன்னு நீர்பாய்ச்சியைக் கேட்டா சொல்லுவாரு. அவருக்குச் சான்றிதழ் கெடையாது. ஜியோஸ்பேஷியல்னு சொல்ற வரைபடப் பயிற்சிக்கும் போனதில்லை, இருந்தும் தெரியும். தெருப் பேரு எழுதும்போது மட்டும் பெரியவகள்ட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு எழுது. அதுல பழைய சண்டை ஒண்ணு தூங்குது, ஒனக்கெதுக்கு?

நெட்டு இல்லை, சர்வர் சுத்துது, கரண்டு போச்சுன்னு நீ இனிமே சாக்குச் சொல்லப்படாது. வெள்ளிக்கிழமை கடைசி ரெண்டு பீரியடை எடு. பிள்ளைகளைத் தலையில துண்டைப் போட்டுக் கம்மாய்க் கரைக்குக் கூட்டியா. 66 அடிக் கயிறு நான் கொண்டாரேன். 10 சென்ட்டை முளையடிச்சுக் காட்டுவோம், திங்கக்கிழமை அதையே பலகையில தேடிப் புடிக்கட்டும். தலைமையாசிரியர்கிட்ட அனுமதி மட்டும் நீ வாங்கிரு. அந்த அம்மாவோட கோவத்தை அளக்குற சங்கிலி என்கிட்ட இல்லை.