படிப்பும் பவுனும்

கோவில்பட்டியில் அப்பா தீப்பெட்டி ஆபீசில் கணக்கப்பிள்ளை. வீட்டு வரவு செலவுக்கும் நோட்டுப் போட்டிருந்தார். அண்ணனுக்கு இங்கிலீஷ் மீடியம், கணக்குக்கு டியூஷன், ஒன்பதாவதில் சைக்கிள். எனக்குத் தெருக்கோடி அரசுப் பள்ளி. பாசத்தில் ஒரு குறையும் இல்லை. என் பெயருக்கு மாசாமாசம் பாத்திரச் சீட்டும் நகைச் சீட்டும் கட்டினார். பரணில் பேர் வெட்டிய எவர்சில்வர் குடங்கள் பெருகிக்கொண்டே போயின. "உனக்குத்தான்டி செலவு சாஸ்தி" என்பாள் அம்மா. வாஸ்தவம். ஆனால் அதில் ஒரு குடத்தை எடுத்துத் தண்ணீர் பிடித்தால் முதுகில் விழும். அதெல்லாம் வரப்போகிற மாமியாருக்கு.

1984 வாக்கில் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகள் முளைத்தன. அண்ணனின் நன்கொடைக்காக வயல் அடமானம் போனது. நான் பிளஸ் டூவோடு சரி. அதிகம் படித்த பெண்ணுக்கு அதைவிடப் படித்த மாப்பிள்ளை வேண்டும், அவனுக்குப் பவுன் கூடும். கணக்கப்பிள்ளையின் கணக்கில் பிழை ஏது!

அரசாங்கமும் வெகுகாலம் அப்பா மாதிரிதான் யோசித்தது. 1989இல் மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பெயரில் திருமண உதவி தந்தது. 2011இல் தாலிக்கு 4 கிராம் தங்கம் சேர்ந்தது. பட்டம் வாங்கிய பெண்ணுக்குத் தொகை 50,000, மற்றவர்களுக்கு 25,000. படித்ததற்கான பலனையும் கல்யாணத்தில்தான் வாங்கிக்கொள்ள வேண்டும். 2022இல்தான் அதை மாற்றி, அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரி போகும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் என்றார்கள்.

இப்போது அண்ணன் மகள் பி.இ. முடித்துச் சென்னையில் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கிறாள். "எனக்குப் பையனும் பொண்ணும் ஒண்ணுதான்" என்கிறான் அண்ணன். பீஸ் கட்டியதில் உண்மையிலேயே வித்தியாசம் பார்க்கவில்லை. பெண் பார்க்க வந்தவர்கள் அதைவிட நாகரிகம். "நாங்க எதுவும் கேக்கலை, உங்க பொண்ணுக்கு நீங்க செய்யறதைச் செய்யுங்க" என்றார்கள். அந்தக் காலத்தில் படிப்புக்குப் பதில் பவுன். இப்போது படிப்பு, அதன்மேல் பவுன். நகைச் சீட்டும் செல்போனுக்குள் வந்துவிட்டது. மாதத் தவணையை அவளே தன் சம்பளத்தில் கட்டுகிறாள். அவள் தம்பி தன் சம்பளத்தில் பைக் வாங்கினான்.

பரம்பரைச் சொத்தில் மகளுக்கும் சமபங்கு என்று 2005இல் மத்திய சட்டமே வந்துவிட்டது. அண்ணன் கட்டிய வீடு சுயசம்பாத்தியம். அதை யாருக்கு வேண்டுமானாலும் எழுதலாம் என்பதும் சட்டம்தான். போன தை மாதம் மாடியோடு சேர்த்துப் பையன் பெயருக்கு எழுதிவிட்டான்.