ஆரஞ்சுச் சாணி, பச்சைச் சாணி

மதிப்பிற்குரிய மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தார் சமூகத்துக்கு,

ஏற்காடு ஒண்டிக்கடையிலிருந்து காப்பிப் பிரியன் ஒருவன் பணிந்து எழுதிக்கொள்வது. காப்பி எங்கள் மலையிலேயே விளைகிறது. அதில் ஊற்றும் பாக்கெட் பால்தான் இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி வருகிறது. அந்தப் பாத்தியதையில் பேசுகிறேன்.

பால் பண்ணைகளுக்கும் கோசாலைகளுக்கும் 2020-இல் தாங்கள் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளைப் படித்து அசந்துபோனேன். 400 கிலோ எடையுள்ள மாடு நாளுக்கு 15 முதல் 20 கிலோ சாணி போடும், 15 முதல் 20 லிட்டர் மூத்திரம் பெய்யும் என்று கணக்குச் சொல்கிறீர்கள். வாளியோடு பின்னால் நின்றவர் யாரோ, அவருக்குப் பதவி உயர்வு கொடுங்கள். அதைவிடப் பெரிய கண்டுபிடிப்பு, மாசு வகைப்பாட்டில் பால் பண்ணை ஆரஞ்சு வகை, கோசாலை அதைவிட மாசு குறைந்த பச்சை வகை என்பது. காசுக்குக் கறக்கும் மாட்டின் சாணியில் மாசு கூடுதல். புண்ணியத்துக்குக் கட்டிய மாட்டின் சாணியில் குறைவு! எத்தனையாவது இரைப்பையில் இது பிரிகிறது என்பதைக் கால்நடை மருத்துவப் பாடத்தில் உடனே சேர்க்க வேண்டும்.

தண்ணீருக்குத்தான் இந்த ஞானம் இல்லை. சேர்வராயன் மலையில் இறங்கும் திருமணிமுத்தாறு, சேலத்துச் சாக்கடையையும் சுமந்துகொண்டு நாமக்கல் மாவட்டத்தில் காவிரியில் கலக்கிறது. வழியில் யார் வீட்டு மாடு என்று அது விசாரிப்பதே இல்லை.

இரண்டு மாட்டுச் சாணி எருக்குழிக்கும் வறட்டிக்குமே பற்றாது. முந்நூறு மாட்டை ஒரே கொட்டகையில் கட்டினால், தங்கள் கணக்குப்படியே தினமும் நாலரை முதல் ஆறு டன். அக்கம்பக்க வயல் அத்தனையையும் ஏற்காது. குழாய்த் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவிவிட்டால் கொட்டகை சுத்தம். ஆனால் அந்தச் சாணியில் பயிர் எடுத்தது போக மிஞ்சும் நைட்ரஜன், நைட்ரேட்டாகிக் கிணற்றுக்கு இறங்கும். குடிநீரில் லிட்டருக்கு 45 மில்லிகிராம்தான் அதற்கு வரம்பு. காய்ச்சிக் குடியுங்கள் என்பீர்கள். காய்ச்சினால் கிருமி சாகும். நைட்ரேட் சாகாது, தண்ணீர் சுண்டச் சுண்ட இன்னும் செறியும். அந்தத் தண்ணீரில் பால்பவுடர் கரைத்துக் கொடுத்தால், கைக்குழந்தையின் ரத்தம் ஆக்சிஜன் சுமக்க முடியாமல் உடம்பு நீலம் பாரிக்கலாம்.

கனடாவில் வாக்கர்ட்டன் என்றொரு சிற்றூர். 2000 மே மாதப் பெருமழையில் மாட்டெருக் கிருமி ஊர்க் கிணற்றில் இறங்கியது. 7 பேர் செத்தார்கள், சுமார் 2,300 பேர் நோயில் விழுந்தார்கள். பண்ணைக்காரர் முறைப்படிதான் எரு போட்டார், அவர்மேல் குற்றமில்லை என்றது விசாரணை. குடிநீர் ஊழியர்களோ குளோரின் அளவைப் பார்க்காமலே பதிவேட்டை நிரப்பியிருந்தார்கள். (இந்தக் கலையில் நாம் கனடாவுக்கு இளைத்தவர்கள் இல்லை.)

ஆகவே ஒரு விண்ணப்பம். பண்ணை வாசலில் தங்கள் அனுமதிச் சான்றிதழ் தொங்கும் ஆணிக்குப் பக்கத்தில் இன்னொரு ஆணி அடித்து, சரிவில் கீழே இருக்கும் ஊர்க் கிணற்றின் நைட்ரேட் அளவை மாதாமாதம் மாட்டச் சொல்லுங்கள். எழுதுபவர் கிணற்றை ஒருமுறையாவது எட்டிப் பார்க்கட்டும். அது சிரமமென்றால் திருமணிமுத்தாற்றுக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்பிவிடுங்கள்: ஆரஞ்சுத் தண்ணீர் இடது கரையோரம், பச்சைத் தண்ணீர் வலது கரையோரம்.

இப்படிக்கு,
ஒண்டிக்கடைவாசி